சக்கரம் படாத துப்பாக்கி

அந்தத் தெருவில் கண்ணாடி என்று கேட்டால்தான் அவன் இருக்கும் இடத்தைக் காட்டுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. கதவுக் கைப்பிடி, தண்ணீர்க் குழாய், பந்தயத்தில் ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கும் கோப்பை, எதுவானாலும் அவன் மெருகுச் சக்கரத்துக்குப் போய்விட்டு வந்தால் அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம். அவன் முகத்தைத்தான் பார்க்க முடியாது. காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான் என்றால் மத்தியானத்துக்குள் மெழுகும் துணித்தூளும் சேர்ந்து மூக்கு, புருவம், காது மடல் எல்லாம் ஒரே கறுப்பாகிவிடும். இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் சாப்பிட வருகின்றன என்பாள் அவன் மனைவி.

அந்த வேலை அவனிடமிருந்து எடுத்துக்கொண்டது இடது கட்டைவிரலை. இளவயதில் சக்கரம் ஒரு பித்தளைத் தகட்டைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்தபோது அடிபட்டது. அன்றிலிருந்து மடங்காது. நீளமான சாமானை மெருகு போடும்போது பின்முனை நெருங்குகையில் அந்தக் கை லேசாகச் சாய்ந்துவிடும். பரப்பு அந்த இடத்தில் மயிரிழை அளவு இறங்கும். தொட்டால் தெரியாது. விளக்குக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினால் மட்டும், நேராக ஓடிவரும் ஒளிக்கோடு அங்கே ஒரு நெளி நெளிந்துவிட்டு மறுபடி நேராகும். இதை இதுவரை எந்த வாடிக்கையாளரும் கண்டுபிடித்ததில்லை. அவனுக்குத் தெரியும். தெரிவதால் கூசுவான்.

மழைக்காலம் அவனுக்கு ஆகாத காலம். துணிச்சக்கரம் ஈரத்தில் ஊறி மந்தமாகச் சுற்றும். காலையில் பளபளவென்று எடுத்து வைத்த பித்தளை சாயங்காலத்துக்குள் முகம் வாடிப்போகும். அப்படி ஒரு நனைந்த காலையில் கட்டடத்துக்காரர் குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தார். வந்தவர் உட்காரவில்லை. அவன் மோட்டாரை நிறுத்தினான்.

"இடத்தக் குடுத்துடலாம்னு இருக்கேன் கண்ணாடி. பையன் கூப்பிடுறான், அவன்கூடப் போய் இருந்துடப் போறேன்."

"எங்களுக்கு என்ன வழி சொல்றீங்க?"

"அதுக்குத்தான் மொதல்ல உன்கிட்ட வந்தேன். நீ வாங்கிக்கறதா இருந்தா நீ வாங்கிக்க. இல்லன்னா எதிர்த்தாப்ல கார் சாமான் விக்கிறாரே, அவரு ரெடியா நிக்கிறாரு. அவருக்குக் குடோன் வேணுமாம். உன் மோட்டாருக்கு அங்க வேல இருக்காது."

அவர் போனபின் வெகுநேரம் அவன் மோட்டாரைப் போடவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே அறை. சுவரெல்லாம் அவன் கறுப்பு. வேறு இடத்தில் இந்தச் சத்தத்தையும் தூளையும் எவன் சேர்த்துக்கொள்வான்? வீடுகள் இருக்கும் தெருவில் விடமாட்டார்கள். ஊருக்கு வெளியே போனால் கைப்பிடியைத் தூக்கிக்கொண்டு யாரும் வரமாட்டார்கள்.

மனைவி மூலையில் உட்கார்ந்து மெருகு போட்ட தாழ்ப்பாள்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அந்தப் பெட்டிய எடுங்க."

"எந்தப் பெட்டி?"

"வீட்டுல பத்துப் பெட்டி இருக்கற மாதிரி கேக்கறீங்க. உங்க அப்பா துப்பாக்கி. இப்ப விக்காம அத என்ன, ஊறுகாய் போடப் போறோமா?"

அந்தத் துப்பாக்கியின் கதையைச் சொல்லாவிட்டால் இவனைப் புரியாது. அப்பா துப்பாக்கி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். பழைய வாடிக்கையாளர் ஒருவர், வாரிசு இல்லாதவர், ஊரைவிட்டுப் போகும்போது பெட்டியோடு ஒரு கைத்துப்பாக்கியை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சுடும் ஊசியை எடுத்துவிட்டு, அனுமதி வாங்கி, அப்பா அதை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அந்த மாதிரியில் கம்பெனி முதன்முதலாகச் செய்து வெளியே விட்டவற்றில் ஒன்று என்றும், கடையை விற்றாலும் அந்த விலை வராது என்றும் விஷயம் தெரிந்த யாரோ சொல்லியிருந்தார்கள். சின்னவன் மெருகுத் தொழிலுக்குப் போனதும் அப்பா அவனுக்குப் போட்ட ஒரே கட்டளை, "இதுல மட்டும் கைய வைக்காத. சக்கரம் பட்டா இது செத்துச்சு" என்பதுதான். பழைய துப்பாக்கிக்கு மதிப்பே அதன் மேல் தோலில்தான் இருக்கிறது. கம்பெனி ஏற்றிய கறுப்பு, அங்கங்கே தேய்ந்திருந்தாலும், அதுவாக இருக்கவேண்டும்.

அப்பா போனபின் அனுமதியைப் பெயர் மாற்ற அண்ணன்தான் அலைந்தார். அப்பாவோடு கடையில் இருந்தவர், அலுவலகத்தில் ஆட்களைத் தெரியும். சில மாதம் துப்பாக்கி அவரிடமே இருந்தது. அப்புறம் ஒருநாள் தம்பியையும் தம்பி மனைவியையும் உட்காரவைத்து, "கடை ஒண்ணு, துப்பாக்கி ஒண்ணு. ரெண்டுல எது வேணும்னு நீயே சொல்லு" என்றார். தம்பி வாய் திறக்கவில்லை. "கடைய எடுத்து நீ என்ன பண்ணுவ? உனக்கு நாட்டு வேட்டுக்கும் ரைபிளுக்கும் வித்தியாசம் தெரியாது. பெருசு துப்பாக்கிதான், அத நீ எடுத்துக்க. எனக்குக் கடை போதும்" என்று அண்ணனே முடித்துவைத்தார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனுக்குக் கண் கலங்கியது. பெரிய பங்கைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஓட்டைக் கடையைத் தான் வைத்துக்கொண்ட மனுஷன். அந்தக் கடையும் அப்போது நொண்டியடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் தலையில் மிளகாய் அரைத்துவிட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றியது தோன்றியதுதான், அப்புறம் போகவே இல்லை. அன்றுமுதல் அண்ணன் கடையிலிருந்து மெருகுக்கு வரும் சாமான் எதற்கும் அவன் கூலி வாங்கியதில்லை. வாரக்கடைசியில் ஒரு தட்டு நிறைய வரும். மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் அதைப் போடுவான்.

"சொந்தத் தம்பி வீட்டுல இப்படி ஓசில வேல வாங்க உங்க அண்ணனுக்கு எப்படி மனசு வருது?" என்று மனைவி கேட்டால், "நமக்கு அவரு குடுத்தது உனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்துவிடுவான்.

கொடுத்ததை அவன் ஒருநாளும் நன்றாகப் பார்த்ததில்லை என்பதுதான் வேடிக்கை. பார்த்தால் கை சும்மா இருக்காது, ஏதாவது ஒரு புள்ளியைத் துடைக்கப்போய் சக்கரம்வரை இழுத்துக்கொண்டு போய்விடும் என்று பயம். எண்ணெய் போடுவதைக்கூட மனைவியிடம் விட்டிருந்தான். ஒருமுறை அவள், "நூறு வருஷத்துப் பழசுன்னீங்க. மை தீட்டின மாதிரி இருக்கே" என்றாள். "நல்ல கம்பெனி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஏலக் கம்பெனியின் பின்னறையில் மதிப்பு பார்க்கும் அம்மா உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலை, மூக்கின் நுனியில் ஒரு கண்ணாடி, நெற்றியில் ஏற்றிவிட்ட இன்னொரு கண்ணாடி. மேஜையில் பச்சைத் துணி, வளைந்த கழுத்துள்ள விளக்கு, பூதக்கண்ணாடி, அளவு பார்க்கும் இடுக்கி. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. கண்ணாடி அன்று குளித்து, நகக்கண்ணில் ஊசி விட்டுக் கறுப்பை எடுத்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்திருந்தான். பெட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தான்.

"என்ன விலை போகும்னு..." என்று ஆரம்பித்தான்.

"எல்லாரும் அங்கதான் ஆரம்பிப்பாங்க" என்றாள் அவள். "மொதல்ல இது யாருன்னு பாக்கணும். அப்புறம் வயசு என்னன்னு பாக்கணும். விலை கடைசியா வரும். சம்பந்தம் பேசற மாதிரிதான்."

அவன் சிரித்தான். மனசு கொஞ்சம் லேசானது.

அவள் பெட்டியைத் திறந்தாள். துப்பாக்கியை எடுக்காமல் முதலில் பெட்டியையே பார்த்தாள். உள்ளே சிவப்பு வெல்வெட் பழுத்துப்போயிருந்தது. மூடியின் உட்பக்கம் விற்ற கடையின் முத்திரை. "பெட்டி அருமையா இருக்கு" என்றாள். பிறகு துப்பாக்கியை எடுத்து, உள்ளே ரவை இல்லை என்று பார்த்து, சுடும் ஊசி இல்லாததையும் பார்த்து, விளக்கின் கீழே வைத்தாள். குழலை மூடி ஓடும் மேல்பாகமான ஸ்லைடின் பக்கத்தில் இருந்த எண்ணைப் படித்தாள். அடிப்பாகத்தில் இருந்த எண்ணையும் படித்தாள். அவன் கொண்டுவந்த அனுமதிச் சீட்டோடு ஒத்துப்பார்த்தாள். எல்லாம் ஒன்றுதான்.

"நம்பர்படி பாத்தா மொத வருஷத்துப் பிள்ளை" என்றாள். "நம்பர் இவ்வளவு சின்னதா நான் பாத்ததில்ல."

அவனுக்கு மூச்சே இனித்தது. அறை, மோட்டார், கறுப்புச் சுவர் எல்லாம் கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. கார் சாமான் கடைக்காரர் வேறு குடோன் தேடிக்கொள்ளட்டும்.

அப்புறம் அவள் நெற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். ஸ்லைடின் பின்பக்கம், விரல் வைத்து இழுக்கும் இடத்தில் வெட்டியிருந்த வரிகளைப் பார்த்தாள். பாதுகாப்பு லிவரை நகத்தால் மேலும் கீழும் தள்ளினாள். குழலின் ஓரத்தில் பூதக்கண்ணாடியைப் பதித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். மழைச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

"இத உங்களுக்கு யாரு குடுத்தா?"

"அப்பாவோடது. அண்ணன் குடுத்தாரு."

"நம்பர் ஒரு வயசு சொல்லுது. உடம்பு வேற வயசு சொல்லுது." துப்பாக்கியை அவன் பக்கம் திருப்பினாள். "மொத வருஷங்கள்ல இந்த வரி அகலமா, கம்மியா இருக்கும். இது பாருங்க, சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா இருக்கு. லிவர் அப்ப சின்னதா, உருண்டையா இருந்துது. இந்த நீட்டு லிவர் பதினஞ்சு இருபது வருஷம் கழிச்சு வந்தது. குழல்ல சோதனை முத்திரை இருக்கு, அதுவும் பிந்தினதுதான்."

"இடையில ரிப்பேருக்கு மாத்தியிருப்பாங்களோ?"

"எல்லாத்தையும் மாத்தினா அப்புறம் எத ரிப்பேர் பண்ணாங்க?" அவள் குரலில் கேலி இல்லை. "இங்க பாருங்க. கம்பெனி பேரு பொறிச்ச எழுத்தெல்லாம் ஓரம் மழுங்கிக் கரைஞ்சு நிக்குது. சக்கரத்துல போயிருக்கு. ஆனா பக்கத்துலயே இருக்கற நம்பரு ஓரம் கூரா, நேத்து அடிச்ச மாதிரி இருக்கு. ஒரே காலத்து எழுத்துன்னா ரெண்டும் ஒண்ணாத்தான் தேயும். பழைய நம்பர ராவி எடுத்துட்டு, மெருகு போட்டு, அதுக்கு மேல இந்த நம்பர அடிச்சிருக்காங்க. அப்புறம் கறுப்பு ஏத்தியிருக்காங்க."

அவள் பெட்டியைப் பக்கத்தில் இழுத்தாள். வெல்வெட்டில் துப்பாக்கி படுத்திருந்த பள்ளத்தில் லிவர் இருக்கும் இடத்தில் உருண்டையாக ஒரு ஆழக் குழி. காலகாலமாக அழுந்தியது. அதன்மேல் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு, அது நேற்றுப் பிறந்தது.

"உங்க அப்பா துப்பாக்கி இந்தப் பெட்டில இருந்திருக்கு. இது அது இல்ல."

"அப்ப இதுக்கு..."

"இந்த ரகம் லட்சக்கணக்குல செஞ்சாங்க. மெருகு போட்டு, நம்பர் மாத்தினது வேற. பெட்டிக்கு ஆசைப்பட்டு ஆள் வருவாங்க. துப்பாக்கிக்கு வரமாட்டாங்க." சற்று நிறுத்தினாள். "மெருகு போட்டவர் மட்டும் நல்ல கைகாரர். பரப்போட மட்டம் எங்கயும் கலங்கல. இந்த ஒரு இடத்துலதான்."

சொல்லிக்கொண்டே ஸ்லைடை விளக்குக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினாள். முன்முனையிலிருந்து ஒளிக்கோடு நேராக ஓடிவந்தது. பின்முனை நெருங்கும்போது ஒரு நெளி நெளிந்துவிட்டு மறுபடி நேரானது.

தன் கையெழுத்தைப் பார்க்கிறவனுக்கு அது யாருடையது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் கடைத் தட்டு ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அப்பா போன அந்த மழைக்காலம். "ஒரு கஸ்டமரோடது, இந்தப் பக்கம் கீறல், நல்லா எடுத்துடு" என்று அண்ணன் ஸ்லைடை மட்டும் கொடுத்தார். அடுத்த வாரம் வேறு சாமான்களோடு அடிப்பாகத்தைக் கொடுத்தார். சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்தவனுக்குச் சாமான் என்ன என்பது தெரியாது. தெரிவதெல்லாம் அதன்மேல் ஓடும் வெளிச்சம்தான். கீறலா, போயிற்றா, சரி, அடுத்தது. அப்படித்தான் தன் பங்கின் கழுத்தைத் தானே தேய்த்து வழவழப்பாக்கி, கூலியும் வாங்காமல், துணியில் சுற்றிக் கொடுத்திருக்கிறான்.

"இந்த மெருகு யாரு போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"தெரியாது" என்றான்.

அவள் அவனுடைய மடங்காத கட்டைவிரலைப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காத மாதிரியும் இருந்தது.

"நம்பர் மாத்தினத நான் பாத்துட்டேன். இனிமே அனுமதி ஆபீசுக்குச் சொல்லாம இருக்க முடியாது, என் வேலையும் போயிடும். அவங்க மொதல்ல யார்கிட்ட இருக்குன்னுதான் பாப்பாங்க. உங்ககிட்ட இருக்கு. யாரு அடிச்சதுன்னு தெரிஞ்சா நாளைக்குள்ள வந்து சொல்லுங்க. அதையும் சேத்து எழுதுறேன். தெரியலன்னா நீங்க அடிச்சதாத்தான் ஆகும்."

துப்பாக்கியை அவள் வைத்துக்கொண்டாள். காலிப் பெட்டியை அவனிடம் கொடுத்தாள்.

வீட்டில் மனைவி முட்டையும் ரொட்டியும் எடுத்து வைத்திருந்தாள். அவன் கை வைக்கவில்லை. ஒன்றுவிடாமல் சொன்னான். அவன் எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை. தட்டை நகர்த்திவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கைதான்னு நிச்சயமா?"

"உன் முகத்த எனக்குத் தெரியாதா?"

"அப்ப இத்தன வருஷமா..." தட்டை மறுபடி அவன் பக்கம் தள்ளினாள். "அவருக்குத் துரோகம் பண்ணிட்டோம்னு நீங்க தூக்கத்துல பொலம்பிருக்கீங்க. நான் கேட்டுருக்கேன்."

"எந்திரி" என்றான் அவன். "போய் அவரு வாயாலயே கேப்போம்."

அண்ணன் கடைக்கு முன்பக்கம் இப்போது முழுக்கக் கண்ணாடி. வேட்டைத் துப்பாக்கிகள் வரிசையாகச் சங்கிலி கோத்து நின்றன. உள்ளே கடைசல் இயந்திரத்தில் புதிதாக வந்தபோது இருந்த பச்சை இன்னும் மாறாமல் இருந்தது. அதை அப்பா இறந்த வருஷமே வாங்கினார் என்பது கண்ணாடிக்கு அன்றுதான் உறைத்தது. வாங்கிய அன்று இனிப்பு கொடுத்தார்கள், இவனும் சந்தோஷமாக வாங்கித் தின்றான். அண்ணி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். இவன் கையில் காலிப் பெட்டியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்கும் தெரியும் என்று அதிலேயே தெரிந்துபோயிற்று.

அண்ணன் பட்டறை மேஜையில் ஒரு மரக்கட்டையை ராவிக்கொண்டிருந்தார். "வாடா. மழைல எதுக்கு ரெண்டு பேரும்? டீ சொல்லவா?" என்றவர் பெட்டியைப் பார்த்துவிட்டு அரத்தைக் கீழே வைத்தார்.

"அப்பா துப்பாக்கி எங்கண்ணே?"

"அதான் உன்கிட்ட..."

"வேணாண்ணே. ஸ்லைடுல என் கை இருக்கு."

அண்ணன் கொஞ்ச நேரம் மரத்தூளை உள்ளங்கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். பொய் சொல்ல நினைத்திருந்தால் சொல்லியிருக்கலாம். அதற்கு அவர் சலித்துப்போன மாதிரி இருந்தது.

"கடை மூழ்கிட்டு இருந்துச்சுடா. நீ பாத்ததுதானே. அப்பா வச்சிட்டுப் போன கடன் வேற. அப்ப ஒருத்தர் வந்தாரு. இந்த மாதிரி பழசெல்லாம் சேக்கறவரு. பாத்தாரு, மறுபேச்சுப் பேசல, பணத்த மேஜைல வச்சிட்டாரு. நான் என்ன பண்ணுவேன்?"

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம். வித்துக் கடைல போடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்ப" என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். "அப்புறம் கடைல பாதி கேப்ப. நீ கேக்கலன்னாலும் இவ கேப்பா."

"கேட்டாத்தான் என்ன?" என்றாள் மனைவி. "நியாயமாக் கேக்கறதுக்கும் நீங்க பண்ணதுக்கும் வித்தியாசம் இல்லையா?"

"நீ இரு" என்றான் கண்ணாடி. "அண்ணே, ஒரு விஷயம். நீங்க எங்கள உக்காரவச்சு, கடையா துப்பாக்கியான்னு கேட்டீங்களே. அப்பவே வித்தாச்சா?"

"ஆச்சு."

"அப்ப நான் கடைன்னு சொல்லியிருந்தா?"

"நீ சொல்லமாட்ட." அதை அவர் கர்வமில்லாமல்தான் சொன்னார். "உன்ன எனக்குத் தெரியாதா? எது பெருசோ அத எனக்கு விட்டுட்டு நிப்ப. நான் எடுத்துக்கன்னு சொன்னா எடுத்துக்குவ. மெருகுக்குக் குடுத்தப்பதான் பயந்தேன். கண்டுபிடிச்சிடுவியோன்னு ராத்திரி பூரா தூக்கம் இல்ல. வேற ஆள்கிட்டக் குடுக்க முடியாது, வெளிய போயிடும். நீ தொடைச்சு எடுத்துட்டு வந்து, பாருங்கண்ணே எப்படின்னு கேட்ட. எனக்கு உன் முகத்தப் பாக்க முடியல."

கண்ணாடிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அண்ணன் அன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா போன துக்கம் என்று நினைத்து, அவனே அவரைத் தேற்றிவிட்டு வந்தான்.

"உங்க சாமானுக்கு நான் கூலி வாங்குறதில்லயே. ஏன்னு தெரியுமா உங்களுக்கு?"

அண்ணன் அரத்தைக் கையில் எடுத்து, மறுபடி கீழே வைத்தார்.

"உங்க பங்க நான் தின்னுட்டேன்னு நினைச்சு. ஒவ்வொரு வாரமும் அத நினைச்சுத்தான் உங்க தட்ட மொதல்ல எடுப்பேன். பொண்டாட்டி திட்டுவா, பெரிய ஆர்டர் கெடக்கும், ஜுரத்துல கூடப் போட்டிருக்கேன். அது ஏன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார் அண்ணன்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். துப்பாக்கி போனதைக் கேட்டபோது வராத அழுகை அப்போதுதான் அவனுக்கு வந்தது. விலை போனது போகட்டும், அறை போனது போகட்டும். இத்தனை வருஷம் தூக்கிச் சுமந்த ஒரு குற்றம், அது தன்னுடையதே இல்லை. அதைச் சுமக்கிறான் என்று தெரிந்தே ஒருத்தர் வாரம் தவறாமல் தட்டை நீட்டியிருக்கிறார். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மனைவி ஒரு அடி முன்னால் வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

அண்ணி கல்லாவிலிருந்து முதல்முறையாக வாய் திறந்தாள். "மதிப்பு பாத்தவங்க என்ன சொன்னாங்க? நம்பரக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"

"கண்டுபிடிச்சிட்டாங்க. ஆபீசுக்கு எழுதப்போறாங்க."

அண்ணன் எழுந்துவிட்டார். அதுவரை இல்லாத வேகம். "என் லைசென்ஸ் போயிடும்டா. கடைய மூடிடுவாங்க. யாரு பண்ணதுன்னு கேட்டாங்களா? என்ன சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

அண்ணனுக்கு உயிர் திரும்பி வந்தது. கண்ணெதிரே வந்தது. தோள் தளர்ந்து, முகம் இளகி, மேஜையைச் சுற்றி வந்து தம்பியின் தோளில் கையைப் போட்டார். "நீ என் தம்பிடா" என்றார். குரல் உண்மையாகவே தழுதழுத்தது. "அப்படியே சொல்லிடு. அப்பா வாங்கும்போதே இப்படித்தான் இருந்துதுன்னு சொல்லு. உனக்கு ஒண்ணும் பெருசா ஆகாது. உனக்கென்ன கடையா, லைசென்சா? மிஞ்சிப் போனா அபராதம் போடுவாங்க, அத நான் கட்டறேன். உன் எடத்துக்கும் எதாவது வழி பண்ணலாம்."

சின்ன வயதிலிருந்து அண்ணன் தன் தோளில் கை போட்டது எத்தனை முறை என்று யோசித்தால் அவனுக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. அப்பா போன அன்றுகூடப் போடவில்லை. அந்தக் கையின் கனம் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. கையை எடுத்துக் கீழே விட்டான்.

"நாளைக்குப் போறேன்" என்றான். "மெருகு போட்டது நான்னு சொல்லப்போறேன்."

"பைத்தியமா உனக்கு? உன்னயும் சேத்துத்தான் இழுப்பாங்க."

"இழுக்கட்டும். நான் செஞ்ச வேலைய நான் செஞ்சேன்னு சொல்றதுக்கு என்ன?"

"எதுக்குச் செஞ்சன்னு கேப்பாங்களே, அப்ப?"

"அண்ணன் குடுத்தாரு, செஞ்சேன்னு சொல்லுவேன். அதுக்கு மேல கேட்டா எனக்குத் தெரியாது. உன்னத்தான் கேக்கணும். நீ சொல்லு."

அண்ணி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவன் அண்ணனை நீ என்று சொல்லிக் கேட்டவர் யாருமில்லை. சொன்னவனுக்கே அது உறைக்கவில்லை. காலிப் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு மனைவியின் பின்னால் படியிறங்கினான். தெருமுனை திரும்பும்வரை அண்ணன் கடைவாசலில் நின்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி என்று கூப்பிடவில்லை, அப்பா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டுக்கொண்டேதான் நடந்தான்.